பக்கத்துத் தெருவுக்குப் போக ஏன் இவ்வளவு சுற்று? ஊர் பெருகும்போது தெருக்களுக்கு என்ன ஆகிறது என்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் என் மகள் படிக்கும் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி தெரியும், காலைப் பிரார்த்தனைப் பாட்டுகூடக் கேட்கும். நேராக அளந்தால் 300 மீட்டர்தான் வரும். ஸ்கூட்டியில் போனால் 2 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடுவில் மூன்று மனைப்பிரிவுகள், மூன்று காம்பவுண்ட் சுவர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே கிடையாது. சென்னைக்குத் தெற்கே மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று எந்தப் பக்கம் குடிவந்தவர்களும் சில மாதத்தில் இதைத்தான் கேட்கிறார்கள். பல வருடமாக இதைப் பற்றிப் படித்தும், இந்தத் தெருக்களில் நடந்தும் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

தெரு இணைப்பு என்றால் என்ன? ரோடு போட்டால் இணைப்பு தானாக வந்துவிடாதா?

வராது. ரோடு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பது ஒரு விஷயம். அது எத்தனை தெருக்களோடு போய்ச் சேர்கிறது என்பது வேறு விஷயம். இதற்கான கணக்கு நம் பேச்சிலேயே இருக்கிறது: ஒரே ஒரு வழி உள்ள முனை முட்டுச்சந்து, மூன்று வழி கூடினால் முச்சந்தி, நான்கு கூடினால் நாற்சந்தி. ஒரு பகுதியின் வரைபடத்தை விரித்து இந்த மூன்றையும் எண்ணிப் பார்த்தாலே அங்கே நடமாட்டம் எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான், அவர்கள் கணினியில் கோடிக்கணக்கான சந்திகளை எண்ணுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நுழைவாயிலிலிருந்து நேராக ஒரு நடுத்தெரு, அதில் வரிசையாக ஆறு சந்திகள், ஒவ்வொரு சந்தியிலிருந்தும் இடமும் வலமுமாக ஒவ்வொரு குறுக்குத் தெரு, எல்லாக் குறுக்குத் தெருவும் சுவரில் போய் முட்டுகிறது. எங்கள் பக்கத்தில் நூறு மனைப்பிரிவை எடுத்தால் பல இப்படித்தான் இருக்கும். முனைகளை எண்ணினால் நுழைவாயில் 1, சந்தி 6, முட்டு 12, ஆக 19. முனைகளுக்கு இடையிலுள்ள தெருத் துண்டுகள் 18. துண்டை முனையால் வகுத்தால் 0.95. இப்போது இரண்டு ஓரங்களிலும் சுவரை ஒட்டி ஒவ்வொரு தெரு போட்டு, குறுக்குத் தெருக்களின் முனைகளைச் சேர்த்துவிடுங்கள். முனைகள் அதே 19தான், துண்டுகள் மட்டும் 28 ஆகிவிடும், விகிதம் 1.47. நகரமைப்பில் பொதுவாக 1.4க்கு மேல் இருந்தால் இணைப்பு பரவாயில்லை என்பார்கள். இரண்டே இரண்டு ஓரத் தெருக்கள்தான் கூடுதல்! முதல் அமைப்பில், இரண்டாம் குறுக்குத் தெருக் கடைசி வீட்டுப் பாட்டி மூன்றாம் குறுக்குத் தெருக் கடைசி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுத்தெருவரை வந்து, திரும்பி, மறுபடி உள்ளே போக வேண்டும். குறுக்குத் தெரு 80 மீட்டர், சந்திகளுக்கு நடுவே 60 மீட்டர் என்று வைத்தால் 220 மீட்டர் நடை. இரண்டாவது அமைப்பில் 60 மீட்டர். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த 160 மீட்டர் என்பது போவதா வேண்டாமா என்கிற அளவுக்குப் பெரிய விஷயம்.

பழைய ஊர்கள் நன்றாக இணைந்திருந்தனவா? இல்லை, பழசென்றால் எல்லாம் நல்லது என்கிற எண்ணமா?

தெருவின் வடிவத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகச் சுற்றி வருகின்றன, அவற்றுக்கு இடையில் ஏகப்பட்ட சந்துகள். ஒரு வீதியில் தேர் வந்து நின்றுவிட்டால் அடுத்த சந்தில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். மயிலாப்பூர் மாட வீதிகளும் அப்படித்தான். ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன, நடுவில் குறுக்குத் தெருக்கள்.

1920களில் மாம்பலத்து ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய தியாகராய நகரில் பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் விரிகிற விதத்தைப் பாருங்கள். 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி எழுந்த அண்ணா நகரில் அவென்யூவும் மெயின் ரோடும் எண் போட்டு வரிசையாக வருவதைப் பாருங்கள். ஒரே அமைப்பு மொத்த நிலத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே தாளில் வரைந்ததால் வந்த ஒழுங்கு அது. (ஏரியை வற்றவைத்தது சரியா என்பது தனிக் கேள்வி. நான் சரி என்று சொல்லமாட்டேன்.)

ஆனால் தெரு இணைந்திருந்தது என்பதற்காக எல்லோராலும் அதில் நடக்க முடிந்தது என்று அர்த்தமில்லை. எந்தச் சாதிக்காரர் எந்தத் தெருவில் நுழையலாம் என்று தடை இருந்த ஊர்கள் இவை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. தெரு இணைப்பைப் பற்றித் தமிழில் எழுதுகிற யாரும் இதைச் சொல்லாமல் தாண்டக்கூடாது என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் எப்போது மாறியது? இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும்தானா?

உலகம் முழுக்க இருக்கிறது. முட்டுச்சந்தைத் திட்டமிட்டு, இதுதான் நல்லது என்று சொல்லிக் கட்டத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்கர்கள். நியூ ஜெர்சியில் 1929இல் கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் வடிவமைத்த ராட்பர்ன் குடியிருப்பு பெயர்பெற்ற தொடக்கம். கார் ஒரு பக்கம், நடக்கிறவர் இன்னொரு பக்கம் என்று பிரித்தார்கள். முட்டுச்சந்துகள் காருக்குத்தான், நடப்பவர்களுக்குப் பூங்கா வழியாகத் தனிப் பாதை இருந்தது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் உத்தரவாத அமைப்பு, கட்டம் கட்டமான தெருக்கள் வேண்டாம், முட்டுச்சந்துகள் நல்லது என்று கையேடு போட்டது. கடன் கிடைக்க வேண்டுமே, எல்லா பில்டர்களும் அப்படியே கட்டினார்கள். ராட்பர்னின் நடைபாதையை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்கள்.

கிறிஸ்டோஃபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புதிதாகப் போட்ட தெருக்களின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு குறையத் தொடங்கியது என்று 2015இல் வெளியிட்டார்கள். 2020இல் உலகம் முழுவதற்கும் அதே கணக்கைப் போட்டார்கள், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவை வைத்து. 1975 முதல் பார்த்தால் உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்கள் பழையவற்றைவிட இணைப்புக் குறைந்தவையாகவே வருகின்றன. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், கார் பெருகிப்போன ஒரு நாடு செய்து பார்த்துத் திரும்பத் தொடங்கிய தவறை, ஷேர் ஆட்டோவிலும் நடையிலும் போகிற நாம் இப்போது முழு வேகத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

சென்னையில் எந்த இடத்தில் பிசகியது? புரமோட்டர்கள் ஏன் பக்கத்துத் தெருவோடு சேர்ப்பதில்லை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்ததை 2022இல் 5,904 ஆக்கினார்கள். கோடு போட்டது பின்னால்தான், அதற்கு முன்பே வயலும் தோப்பும் மனைகளாகிக்கொண்டிருந்தன. அண்ணா நகர்போல ஒரே கையில் நிலம் இல்லை. ஒரு புரமோட்டர் ஒரு குடும்பத்திடம் இரண்டு சர்வே எண்களை வாங்குவார். பக்கத்து எண் வேறொரு குடும்பத்தில், அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கும். வாங்கிய நிலம் வயல் போன போக்கில் கோணல்மாணலாக இருக்கும், ஏனென்றால் அது பாசன வாய்க்காலை வைத்து அமைந்த நிலம். அதற்குள் எத்தனை மனை அடக்கலாம் என்பதுதான் வரைபடம் போடுகிறவருக்குக் கொடுக்கப்படும் வேலை.

அங்கே ஒவ்வொரு அடி ரோடும் விற்க முடியாத நிலம். பூங்காவுக்கான ஓ.எஸ்.ஆர். நிலம் பத்து சதவீதம் போகிறது, அதற்கு மேல் ரோடு போகிறது. நான் சொன்ன அந்த இரண்டு ஓரத் தெருக்களையும் போட்டால் சில மனைகள் குறையும். பக்கத்து வயல் பக்கம் ஒரு தெருவை நீட்டி முனையைத் திறந்து விட்டால், நாளைக்கு அங்கே மனை போடப்போகிற போட்டிக்காரர் இவர் போட்ட ரோட்டை இலவசமாகப் பயன்படுத்துவார். அதனால் தெரு முனைக்கும் எல்லைக்கும் நடுவே ஓரடி, இரண்டடி நிலத்தைத் தன் பெயரிலேயே நிறுத்திக்கொள்வதும் உண்டு. காகிதத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டை விலைக்கு வாங்காமல் அடுத்தவர் தெருவைச் சேர்க்க முடியாது.

அங்கீகாரம் வாங்காத மனைப்பிரிவுகள் இதைவிட மோசம், அவற்றைப் பக்கத்து வரைபடத்தோடு வைத்துப் பார்க்கவே யாரும் இல்லை. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் நிலைமை அசைந்தது. 2017இல், அப்படிப்பட்ட மனைகளை ஒழுங்குபடுத்தி அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை செய்தபோது மனைக்குக் காகிதம் கிடைத்தது. ஏற்கெனவே முட்டி நின்ற தெரு முட்டியபடியே நின்றது.

வாங்குகிற நாமும் இதில் ஒரு பங்கு. ‘ஒரே கேட், 24 மணி நேர செக்யூரிட்டி’ என்று விளம்பரத்தில் போட்டால்தான் மனை போகிறது. தெருக்குத்து மனை வேண்டாம் என்று விலை குறைத்துக் கேட்போம், ஆனால் தெரு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நான் வாங்கியபோதும் கேட்கவில்லை.

முட்டுச்சந்து அமைதியாக இருக்குமே. குழந்தைகள் விளையாடலாம், வண்டி வேகமாகப் போகாது. அது நல்லதுதானே?

அந்த விருப்பத்தை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் தெருவிலும் சாயங்காலம் ரப்பர் பந்து கிரிக்கெட் நடக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்துவதற்காக ஆளையும் சேர்த்து நிறுத்த வேண்டியதில்லை. பார்சிலோனாவில் 1859இல் இல்டஃபோன்ஸ் செர்தா வரைந்த கட்டம் கட்டமான தெருக்களிலேயே, 2016 முதல் ஒன்பது கட்டங்களைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கி, உள்ளே கார் குறுக்கே ஓட முடியாதபடி திருப்பிவிட்டிருக்கிறார்கள். நடப்பவரும் சைக்கிளும் எந்தப் பக்கமும் போகலாம். தெரு முனையில் சுவருக்குப் பதில் இரண்டு கல்தூண் நட்டால் நம் ஊரிலும் அதே வேலை நடக்கும். கார் நுழையாது, பால் பாக்கெட் வாங்கப் போகிறவர் நுழைவார்.

அப்புறம், உள்ளே அமைதியாக இருக்கிற அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போகின்றன? ஒரே மெயின் ரோட்டுக்கு.

ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) ஆறு வழிச்சாலை இருந்தும் ஏன் இவ்வளவு நெரிசல்?

மற்ற காரணங்களும் உண்டு, ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு மீன் முள். நடு முள் ஓ.எம்.ஆர்., இரு பக்கமும் நீளும் முட்கள் குறுக்குத் தெருக்கள், ஒரு முள்ளிலிருந்து அடுத்த முள்ளுக்கு நேராகப் போக வழி குறைவு. அடுத்த தெருவில் இருக்கும் மருந்துக்கடைக்குக்கூட மெயின் ரோட்டில் இறங்கித்தான் ஏற வேண்டும். அதனால் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போகிற வண்டியும், பக்கத்துத் தெருவுக்கு மாவு வாங்கப் போகிற வண்டியும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய் கூடவே ஓடுகிறது. ஈ.சி.ஆரும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓ.எம்.ஆரும் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம்–கோவளம் மாதிரி வண்டி கடக்கும் இணைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாலையை அகலப்படுத்துவது இந்த முள்ளின் தடிமனை மட்டும் மாற்றும்.

அப்படியானால் கால்வாய், ஏரி, சதுப்பு நிலம் எல்லாவற்றின் மேலும் ரோடு போட்டு இணைத்துவிடலாமா?

கூடாது. இணைப்பு வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு ஏற்கெனவே அதையும், பல்லாவரம் பெரிய ஏரியையும் ஊடறுத்துப் போகிறது. அப்படி இன்னொன்று வேண்டாம். தண்ணீர் நிற்கும் இடத்தில் தெரு நிற்கட்டும். நான் பேசுவது மனையை மனையிலிருந்து பிரிக்கும் ஏழடி சுவரைப் பற்றி.

வீட்டுக்காரருக்கு இதனால் வேறென்ன இழப்பு?

குழாய், சாக்கடை, பஸ், தீயணைப்பு வண்டி எல்லாமே தெருவைப் பின்தொடர்ந்துதான் வரும். முட்டுச்சந்தின் கடைசியில் முடியும் குடிநீர்க் குழாயில் தண்ணீர் சுற்றி ஓடாது, தேங்கும், வண்டல் படியும். வளையமாக இணைந்த குழாயில் ஓர் இடம் உடைந்தாலும் மறுபக்கமிருந்து தண்ணீர் வரும், முட்டு முனைக்கு வராது. 2013இல் சென்னையில் சிறிய பேருந்துகள் விட்டபோது எல்லோரும் தங்கள் தெருப்பக்கம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டோம். உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே போக வழியில்லாத மனைப்பிரிவுக்குள் எந்த பஸ்ஸும் வராது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை முறை வந்த வழியே திரும்புகிறார் என்று சொல்வார்.

பின்னால் சரிசெய்துகொள்ள முடியாதா?

வீட்டை நாற்பது வருடத்தில் இடித்துக் கட்டலாம். தெரு அப்படியில்லை. இத்தாலியில் மிலானுக்கு வடக்கே குரோவானே என்ற பகுதியின் சாலைகளை 1833 முதல் 2007 வரையிலான வரைபடங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. முதலில் வெளிப்பக்கம் புதிய சாலைகள் நீளுகின்றன, பிறகு நடுவிலுள்ள இடைவெளிகள் சின்னச் சின்னத் தெருக்களால் நிரம்பி முட்டுகள் ஒன்றோடொன்று சேருகின்றன. அங்கே 1833இன் முக்கியச் சாலைகளே இன்றைக்கும் முதுகெலும்பு. நம் பக்கத்தில் அந்த இரண்டாவது கட்டம் நடக்க முடியாமல் போகிறது, ஏனென்றால் நிரம்ப வேண்டிய இடைவெளியில் ஏற்கெனவே வீடும் சுவரும் நிற்கின்றன. சீனாவில் 2016 பிப்ரவரியில், இனிமேல் மதிலடைத்த குடியிருப்புகள் கட்டக்கூடாது, இருப்பவற்றையும் படிப்படியாகத் திறக்க வேண்டும் என்று அரசே அறிவித்தது. வீட்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவ்வளவு அதிகாரம் உள்ள அரசுக்கே திறப்பது கஷ்டமாக இருந்தது.

அதனால் மனை போடும் முன்பே பிடிக்க வேண்டும். குஜராத்தில் நகரத் திட்டம் என்ற முறை பல காலமாக நடக்கிறது. ஒரு பகுதியின் எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒன்றுசேர்த்து, தெரு, பூங்காவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை ஒழுங்கான மனையாக அவரவருக்கே திருப்பித் தருவார்கள். அகமதாபாத்தின் சுற்றுச்சாலைக்கு நிலம் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம்மிடமும் 1971இன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் விரிவான வளர்ச்சித் திட்டம் போட இடம் இருக்கிறது. ஒவ்வொரு தெருவையும் வரையக்கூட வேண்டாம், அரை கிலோமீட்டருக்கு ஒன்று என்று முக்கியத் தெருக்களை மட்டும் முன்கூட்டியே குறித்து, இதை யாரும் அடைக்கக்கூடாது என்று சொன்னாலே போதும். ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு நகர நிலத்தில் குறைந்தது 30 சதவீதம் தெருவுக்கு, சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் தெரு என்கிறது. நமக்கு முதல் தேவை அந்த நீளம்கூட இல்லை, இருக்கிற நீளத்தின் முனைகள் சேர்ந்தால் போதும்.

மனை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உங்கள் தெருவின் முனையைப் பாருங்கள். எல்லைக் கோடுவரை ரோடு போகிறதா, அல்லது நடுவில் மெல்லிய ஒரு துண்டு நிலம் விட்டிருக்கிறதா? ரோடுகள் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா என்று பத்திர நகலைக் கேளுங்கள், ‘செய்துவிடுவோம்’ என்ற வாய்வார்த்தை போதாது. பக்கத்து சர்வே எண்களின் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் வண்டிப்பாதை, வாய்க்கால் இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அந்த மனையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போய்ப் பாருங்கள். காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்போது சுற்று தெரியாது.

எங்கள் தெரு முனையில் சுவர் எழுப்பப் போகிறார்கள். என்ன செய்வது?

ரோடு தானமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அது பொதுத் தெரு, அதன் குறுக்கே சுவர் வைப்பது ஆக்கிரமிப்பு. அங்கீகார வரைபடம், தானப்பத்திரம் இரண்டின் நகலோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள், நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். செங்கல் இறங்குவதற்கு முன்பே கொடுங்கள்.

தனியார் இடமாக இருந்தால் பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் சுவரில் ஒரு மூலையில் நான்கு செங்கல் வரிசை பெயர்ந்து ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஓட்டை இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் அந்தப் பக்கமிருந்து அதன் வழியாகத்தான் வருவார்கள், ஏறி இறங்க ஒரு துணி துவைக்கும் கல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சங்கத்தில் திருட்டு பயம் என்று சொல்லி ஒரே நாளில் சிமென்ட் வைத்து அடைத்தோம். அடுத்த வாரமே பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை, வந்தவர்கள் முக்கால் மணி நேரம் தாமதம், ஒரு அம்மா ஷேர் ஆட்டோவுக்கு தினம் இருபது ரூபாய் கேட்டார், நியாயமாகத்தான் கேட்டார். நான்கு கூட்டம் போட்டுப் பேசி, இப்போது அதே இடத்தில் மூன்றடி அகலத்தில் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது. காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். பள்ளிக்கு இன்னும் இரண்டு சுவர் பாக்கி, அவற்றில் ஒன்றின் சங்கத்தோடு வரும் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம்.